சாயாமல் விழுந்த வேன்

பட்டறைக்குள் கால் வைத்ததுமே எனக்குப் பெயின்டர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் அந்த ஆள் சிரித்தான். பட்டறையை நடத்தும் மேஸ்திரி ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார், இவன் துப்பறிய வந்தவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான். இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

“மேடம், இவன்தான்” என்றேன் காதோரம்.

“பிரேக், நாம இன்னும் வண்டியையே பார்க்கலை.”

பிரேக் என்பது எனக்கு மேடம் வைத்த பெயர். நான் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்தவன். இன்றைக்கும் யார் வண்டியில் உட்கார்ந்தாலும் என் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதிக்கும். மேடம் அதற்கு மேல். இன்சூரன்ஸில் வாகன சர்வேயராக வேலை பார்த்தவர். ‘விபத்து’ என்று சொல்லிக்கொண்டு வந்த அத்தனை பேரையும் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர். அடுப்பில் பால் பொங்கினால்கூட, அந்த நேரத்தில் சமையலறையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்கிற ரகம்.

வண்டி நடுவில் நின்றது. நின்றது என்று சொல்லக் கூடாது, படுத்திருந்தது. வெள்ளை வேன். சக்கர நாற்காலியில் இருக்கும் மகளுக்காக ஒருவர் செய்யச் சொன்னது. ஸ்பிரிங்கை எல்லாம் கழற்றிவிட்டு, நாலு சக்கரத்துக்கும் ரப்பர் காற்றுப் பை வைத்திருந்தார்கள். கம்ப்ரஸர் காற்றை அடைத்தால் வேன் எழும்பும். காற்றைத் திறந்துவிட்டால் தரையோடு தரையாக இறங்கும், நாற்காலியை அப்படியே உள்ளே உருட்டிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் ஒரு மத்தியான வேளையில் மேஸ்திரி அதன் அடியில் படுத்திருந்தபோது அது இறங்கிவிட்டது. விலா நொறுங்கி, இன்றைக்கு வரைக்கும் அவர் கண் திறக்கவில்லை.

காற்று டியூப்பெல்லாம் மாட்டியது மேஸ்திரியின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி. ஒரு டியூப் ஜாயின்டிலிருந்து வெளியே வந்து தொங்கியதை இன்ஸ்பெக்டர் பார்த்தார். அதன் முனை கோணலாக வெட்டப்பட்டிருந்தது. “என் கவனக்குறைவுதான் சார்” என்று தம்பியும் ஒப்புக்கொண்டுவிட்டான். இதோடு நின்றிருந்தால் தேவலை. தனியாகப் பட்டறை வைக்கப் போகிறேன் என்று அவன் சொன்னதில் மாமாவுக்கும் மச்சானுக்கும் அந்த வாரம் பெரிய வாய்ச்சண்டை. அது இன்ஸ்பெக்டர் காதுக்கும் போய்விட்டது. கவனக்குறைவா, கைவரிசையா என்று அவர் யோசிக்க ஆரம்பித்திருந்தார். சாயங்காலம் வந்து தம்பியை அழைத்துப் போவதாக முடிவு.

எங்களைக் கூப்பிட்டது மேஸ்திரியின் மனைவி. பட்டறையில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். “என் தம்பியைக் காப்பாத்துங்க” என்று அவர் கேட்கவில்லை. “அவன் பண்ணினானா இல்லையான்னு சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்” என்றுதான் கேட்டார். கேட்டபோது கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இப்போதும் அக்கா வாசல் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தம்பி எதிர்க்கோடியில் கருவி மேஜையில் சாய்ந்து நின்றான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

மேடம் தொங்கிய டியூப்பைக் கையில் எடுத்தார். “இதை எதால வெட்டினே?”

“பிளேடால.”

“சரி, திரும்ப மாட்டு. வேனைத் தூக்கிப் பார்க்கணும்.”

தம்பி மேஜை இழுப்பறையைத் திறந்தான். உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டர். டியூப்பை அதில் வைத்து ஒரே அழுத்து. கோணல் முனை கீழே விழுந்தது. புது முனை ரூல் தடி வைத்து வெட்டியதுபோல் நேராக இருந்தது. துணியால் துடைத்தான், ஜாயின்டில் செருகினான், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான், மேலே சோப்புத் தண்ணீர் தெளித்து நுரை வருகிறதா என்று குனிந்தான். வரவில்லை. எல்லாம் யோசிக்காமல் செய்த வேலை.

“கையில இவ்வளவு நல்ல கட்டர் இருக்கும்போது அன்னிக்கு மட்டும் ஏன் பிளேடு?”

தம்பி கட்டரை இழுப்பறைக்குள் போட்டு மூடினான்.

“இன்னொரு தடவை இழுத்து எடு, முனையைப் பார்க்கலாம்.”

எடுத்தான். புது முனையைச் சுற்றி மெல்லிய கீறல், வளையம் போட்டதுபோல். மேடம் கீழே கிடந்த கோணல் துண்டைப் பொறுக்கி அதன் பக்கத்தில் வைத்தார். அதில் ஒரு கீறலும் இல்லை, வழவழவென்று இருந்தது.

“ஜாயின்டுக்குள்ள பல்லு இருக்கு. டியூப் உள்ளே போனா கவ்விப் பிடிக்கும், விட்டா தடம் இருக்கும். இந்த முனை அந்த ஜாயின்டுக்குள்ள போனதே இல்லை. உள்ளயே போகாத டியூப் எப்படிப்பா கழண்டு வரும்?”

“அப்படின்னா?” அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

“வேன் விழுந்த பிறகு யாரோ வெட்டித் தொங்க விட்டிருக்காங்க. தம்பி மேல பழி விழற மாதிரி.”

நான் பெயின்டரைப் பார்த்தேன். அவன் திருதிருவென்று விழித்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மேடத்துக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட்டேன்!

“என்ன பார்க்கறீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றான் பெயின்டர். “எனக்கே நஷ்டம். வேன் முழுக்க பேப்பர் ஒட்டி ஸ்பிரேக்கு ரெடி பண்ணி வச்சிருந்தேன். நாலு சக்கரத்து மேலயும் கிழிஞ்சு போச்சு. எல்லாத்தையும் திரும்ப ஒட்டணும்.”

மேடம் வேனைச் சுற்றி நடந்தார். பெயின்டர் சொன்னது சரிதான். ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலேயும் டயர் உள்ளே ஏறி, ஒட்டிய பேப்பரைக் கிழித்திருந்தது. நாலும் ஒரே அளவு.

“இது எப்போ கிழிஞ்சுது?”

“அன்னிக்குத்தான். காலையில ஒட்டினேன். இனிமே காத்தை எறக்காதீங்க, பேப்பர் போயிடும்னு மேஸ்திரி அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்.”

“எங்க போனீங்க?”

“டீ குடிக்க.”

“மத்தியானம் வரைக்குமா? டீத்தூள் வாங்கக் கடைக்குப் போனீங்களா, தோட்டத்துக்கே போனீங்களா?” என்றேன் நான்.

மேடம் அவன் செருப்பைக் காட்டினார். அதன் மேல் நீலப் புள்ளிகள். “இங்க இருக்கிற வண்டி எல்லாம் வெள்ளை, இல்லேன்னா சாம்பல். நீல வண்டி எந்தப் பட்டறையில நிக்குது?”

பெயின்டர் ஒரு காலால் இன்னொரு காலை மறைக்கப் பார்த்தான். அப்புறம் குட்டு உடைந்தது. அடுத்த தெருவில் போட்டிப் பட்டறை ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளாகவே மேஸ்திரிக்குத் தெரியாமல் அங்கே போய் ஸ்பிரே அடிக்கிறானாம். அன்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கிறான், அந்தப் பட்டறையே சாட்சி சொல்லும். திரும்பி வந்தபோது ஆம்புலன்ஸ் நின்றதாம், அப்படியே ஏறிக்கொண்டானாம்.

“அண்ணன் கண்ணு முழிச்சதும் நானே சொல்லிடறேன். அக்கா, தயவு செஞ்சு நீங்க சொல்லிடாதீங்க” என்று அக்காவிடம் கையெடுத்துக் கும்பிட்டான்.

என் குஷி காற்றுப் போன டயராகிவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்டுவிட வேண்டும். “எங்களைப் பார்த்ததும் எதுக்குய்யா சிரிச்சே?”

“பயந்தா எனக்குச் சிரிப்பு வரும் சார். கல்யாணத்தப்பவும் அப்படித்தான் சிரிச்சேன்.”

மேடம் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. “பிரேக், அந்த அட்டைப் பெட்டியை எடுத்து வேனுக்கு அடியில தள்ளு. நடுவுல.”

“பெட்டியை மட்டும்தானே மேடம்?”

“ஏன், நீயும் கூடப் போறியா?”

தம்பி டியூப்பை மறுபடி செருகினான். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த சுவிட்சை மேடம் அழுத்த, கம்ப்ரஸர் காது கிழிகிற மாதிரி உறுமியது. வேன் மெல்ல எழுந்தது. பெட்டியைத் தள்ளினேன். மேடம் அந்த ஒரு டியூப்பை மட்டும் தம்பியை விட்டுப் பிடுங்க வைத்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். வேனின் முன்மூலை ஒன்று மட்டும் தொபுக்கென்று இறங்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பெட்டிக்கு ஒரு மூலை மட்டும் மடங்கியது, மற்றபடி சேதமில்லை.

அதை மாட்டி, மறுபடி தூக்கினார்கள். இந்தத் தடவை மேடம் முழு இறக்கத்துக்கான சுவிட்சைப் பிடித்து அழுத்தினார். நாலு மூலையும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டன. பெட்டி தட்டையாகிவிட்டது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கே ஏண்டா பார்த்தோம் என்று ஆகிவிட்டது.

“பேப்பர் நாலு பக்கமும் கிழிஞ்சிருக்கு” என்றார் மேடம். “அன்னிக்கு வேன் சாயலை. மொத்தமா இறங்கியிருக்கு. டியூப் கழண்டா அப்படி இறங்காது. யாராவது பட்டனை அழுத்தினாத்தான் இறங்கும். வண்டிக்குள்ள அன்னிக்கு யார் இருந்தது?”

“யாரும் இல்லை” என்றான் தம்பி. “நான் மேஜைகிட்ட இருந்தேன்.”

“அப்போ வெளிய நின்னு இறக்கற ரிமோட்தான். எங்க அது?”

தம்பி எடுத்துக் கொடுத்தான். மேடம் அழுத்தினார். வேலை செய்யவில்லை. “பேட்டரி தீர்ந்துடுச்சு” என்றான் அவசரமாக. மேடம் பின்மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது.

“சோப்பு மேடம். லீக் பார்க்கிற சோப்புத் தண்ணி பட்டிருக்கும்.”

மேடம் மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் மோந்தேன். தெளிப்பான் பாட்டிலிலிருந்த தண்ணீரில் வாசனையே இல்லை. ரிமோட்டில் கமகமவென்று வாசனை.

“இது துணி துவைக்கிற பவுடர் மேடம். எங்க வீட்லயும் இதேதான். என் சட்டையில அடிக்குதே!”

“பேட்டரி தீரலை, ரிமோட் குளிச்சிருக்கு. வேன் விழுந்தப்ப இது எங்க இருந்துச்சு?”

“மேஜை மேல.”

“மேஜை மேலயா?” பெயின்டர் குறுக்கே வந்தான். தன் குட்டு உடைந்துவிட்டதால் இனி மறைக்க ஒன்றுமில்லாத சுதந்திரம். “என்ன மாப்ளே உளறறே? அண்ணன் அடியில போறப்ப ரிமோட்டைச் சட்டைப் பையில போட்டு, சட்டையை அந்த ஆணியில மாட்டிட்டுத்தானே போவாரு. யாரும் தொடக் கூடாதுன்னு. அவரு சட்டையை நாம யாராவது தொட்டிருக்கோமா? தொட்டா கையை ஒடிச்சிடுவாரே!”

எல்லோரும் ஆணியைப் பார்த்தோம். ஆணி காலியாக இருந்தது.

“சரி!” தம்பி திடீரென்று கத்தினான். “நான்தான் எடுத்தேன். நான்தான் அழுத்தினேன். தெரியாம கை பட்டுடுச்சு. போதுமா? இன்ஸ்பெக்டர்கிட்ட அப்படியே சொல்லிடறேன். நீங்க கிளம்புங்க.”

“ஒரு பொய் போனா இன்னொண்ணு ரெடியா வச்சிருக்கியே” என்றார் மேடம்.

அப்போதுதான் அக்கா வெடித்தார். அத்தனை நாள் அடக்கியது எல்லாம் ஒன்றாக வந்தது.

“தெரியாமயா? தெரியாம பண்ணினவன் எதுக்குடா அன்னிக்கு வீட்டுக்கு ஓடி வந்தே? கையில போன் இல்லையா உனக்கு? கதவைத் திறந்தா, ஒரு வார்த்தை பேசாம நேரா பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டே. தண்ணி சத்தம் கேட்டுது. வெளிய வந்த பிறகுதான் மாமாவுக்கு அடிபட்டுடுச்சுன்னு சொன்னே. எதைடா கழுவினே? இத்தனை நாளா அது மட்டும்தான் என் மண்டைக்குள்ள ஓடுது. எதைக் கழுவினே?”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

மேடத்தின் குரல் மட்டும் இறங்கிவிட்டது. எனக்கு அந்தக் குரல் தெரியும். கண்டுபிடித்துவிட்டு, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது வருகிற குரல்.

“பாத்ரூம்ல அப்போ என்ன இருந்துச்சும்மா?”

“என்ன இருக்கும்? பக்கெட். அவரு சட்டையை ஊற வச்சிருந்தேன்.”

“எந்தச் சட்டை?”

“அன்னிக்குப் போட்டிருந்ததுதான். சாப்பாடு கொண்டுவந்தப்ப இந்த ஆணியில தொங்குச்சு, ஒரே கிரீஸ். கம்ப்ரஸர் சத்தத்துல கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது. காலி டிபன் கேரியரை எடுத்துக்கிட்டு, சட்டையையும் எடுத்து நல்லா சுருட்டிப் பையில திணிச்சு, மேல கேரியரை வச்சு…”

என் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

“மேடம், வேண்டாம்” என்றான் தம்பி. “உங்க காலைத் தொட்டுக் கேட்கறேன். நான் ஜெயிலுக்குப் போறேன். எனக்கென்ன, போயிட்டு வந்துடுவேன். எழுதிக்கிட்டுப் போயிடுங்க, நான்தான்னு.”

அக்காவின் கை அவரை அறியாமலே காற்றில் ஒரு சட்டையைச் சுருட்டியது, திணித்தது, மேலே எதையோ வைத்து அமுக்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

“நானா?” என்றார்.

காலி ஆணியைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

“கேட் கிட்டதான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணினேன். ஒண்ணும் கேட்கலையே. நான் பாட்டுக்குப் போயிட்டேனே…”

“உனக்கு எப்படிக்கா கேட்கும்? பக்கத்துல நின்ன எனக்கே திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சுது.” தம்பி அழுதுகொண்டே சொன்னான். “வேனைத் தூக்க ரிமோட்டைத் தேடினேன். ஆணியில சட்டை இல்லை. நீ இப்பத்தான் வந்துட்டுப் போனேன்னு அப்பத்தான் உறைச்சுது. ஜாக்கி வச்சு மாமாவை வெளிய இழுத்தேன். ஆம்புலன்ஸ் போன உடனே டியூப்பை வெட்டித் தொங்க விட்டுட்டு ஓடி வந்தேன். பக்கெட்ல கையை விட்டா, ரிமோட் அப்படியே பையில இருந்துச்சு.”

அக்கா விடுவிடுவென்று நடந்து போனார். நான் தடுக்கப் போவதற்குள் பளாரென்று அவன் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

“உன்னைக் கொலைகாரன்னு நினைச்சேன்டா! என் தம்பியை! ராத்திரி பகலா உட்கார்ந்து உன்னைச் சபிச்சேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? நான் நினைச்சா நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டியா?”

“ஆமா” என்றான் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. “என்னைத் திட்டினா, திட்டிட்டுத் தூங்கிடுவே. உன்னையே திட்டிக்க ஆரம்பிச்சா நீ எப்படிக்கா தூங்குவே?”

இதைக் கேட்டு மேடம் வேனின் பின்பக்கம் போய், பார்க்க அங்கே ஒன்றுமே இல்லாத இடத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூக்கைச் சிந்தினேன். வெட்கமென்ன இதில்?

சற்று நேரம் கழித்து மேடம் திரும்பி வந்தார். “இதை மட்டும் கேளுங்கம்மா. அடியில போறவர் வண்டிக்கு முட்டாக ஸ்டாண்டு வச்சுட்டுப் போயிருந்தா, யார் எந்தப் பட்டனை அழுத்தினாலும் வேன் அவர் மேல இறங்கியிருக்காது. சட்டைப் பையை நம்பி அதை வைக்காம போனது அவர். நீங்க செஞ்சது, ஒரு அழுக்குச் சட்டையை எடுத்தது. அவ்வளவுதான்.”

அக்கா தலையாட்டினார். கேட்டதாகத் தெரிந்தது, ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதற்கு நாளாகும்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி உள்ளே பார்த்து, “என்னப்பா, கிளம்பலாமா?” என்றார். தம்பி சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“வரேன் சார். நான்தான் சார் அந்த டியூப்பை…”

“நீ சும்மா இரு” என்றார் அக்கா.

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். வரும்போதே தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்தினார். அவன் அவரைவிட ஒரு தலை உயரம். ஆனாலும் மறைந்துதான் நின்றான்.

“அவன் எங்கேயும் வரமாட்டான் சார். உட்காருங்க, நான் சொல்றேன். அன்னிக்கு நான் சாப்பாடு கொண்டுவந்தேன்” என்று ஆரம்பித்தார். ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை பிடித்த கையை அவர் விடவே இல்லை.